துலாவிலிருந்து மெசினுக்கு: யாழ்ப்பாணத்து நிலத்தடித் தண்ணீரைக் கணக்குப் பார்த்த கதை

சித்திரை வருசப்பிறப்பு என்றால் எங்களில் பலருக்கு முதலில் நினைவு வருவது கோயிலில் வாங்கிவந்த மருத்துநீரும் கிணத்தடி முழுக்கும்தான். அம்மா தலையில் மருத்துநீரைத் தடவிவிட, அப்பாவோ அண்ணையோ வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்று அன்று யாரும் கேட்டதில்லை. கிணறு இருந்தது, தண்ணி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கவனித்துப் பார்த்தால், சித்திரை என்பது எங்கள் கிணறுகள் இறங்குகின்ற காலம். மாரி மழை விட்டு மூன்று நாலு மாதமாகிவிடும். கயிறு ஒரு முழம், இரண்டு முழம் கூடுதலாகப் போகும். "தண்ணி வத்துது, பாத்து இறையுங்கோ" என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள்.

புத்தாண்டு மலர்களில் கோயில் வரலாறும் பள்ளிக்கூட வரலாறும் வழமையாக வருகின்றன. இந்தமுறை கிணத்து வரலாறு ஒன்றும் இருக்கட்டும் என்று நினைத்தேன். காரணமில்லாமல் இல்லை. இன்று கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பலர் அங்கே வீடு திருத்துகிறார்கள், புதிதாகக் கட்டுகிறார்கள், முற்றத்துக்குச் சீமெந்து போடுகிறார்கள், குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். காசு எங்களுடையது, கீழே இருக்கிற தண்ணியோ ஊர் முழுவதற்கும் உரியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எத்தனை சனத்துக்குக் காணும் என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கதை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டியது.

ஆறில்லா ஊர்

குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகின்ற ஆறு கிடையாது. வலிகாமத்தில் வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலிப் பக்கம் கடலேரியில் சேரும். மாரியில் மட்டும் ஓடும், கோடையில் அதற்குள் மாடு மேயும். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு இவ்வளவுதான் ஆறு. ஆனாலும் இலங்கையில் மிக நெருக்கமாகச் சனம் குடியிருந்து, மிக நெருக்கமாகத் தோட்டம் செய்த இடங்களில் இதுவும் ஒன்று. தாங்கிப் பிடித்தது நிலத்துக்குக் கீழே இருக்கும் சுண்ணக்கல்.

புவியியலாளர் இதை மயோசின் காலச் சுண்ணக்கல் என்பார்கள். கோடிக்கணக்கான வருசங்களுக்கு முன் கடலுக்கடியில் படிந்த கல் அது. மழைநீர் பட்டுப்பட்டுக் கரைந்து, உள்ளே வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருக்கிறது. வலிகாமத்தில் அதற்கு மேலே செம்பாட்டு மண், சில இடங்களில் வெறும் கலட்டி. வருசத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை விழுகிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். கல்லுக்குள் இறங்குகிற தண்ணீரே அடுத்த மாரி வரை சனத்துக்குச் சொத்து. வெளியாலிருந்து ஒரு சொட்டும் நிலத்துக்கு அடியால் வருவதில்லை. "மகாவலியிலிருந்து ஊறுது", "இமயமலையிலிருந்து வருகுது" என்றெல்லாம் ஊரில் பெரிசுகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கதை.

ஆய்வாளர்கள் இந்த நீரை நாலு பெரிய தொகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: சுன்னாகத்தை மையமாகக் கொண்ட வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி. இதில் வலிகாமம்தான் பெரியதும் வளமானதும். தீவுப்பகுதிக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. நல்லதண்ணிக் கிணறு எந்த வளவில் இருக்கிறது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண் கொடுக்கும்போதுகூட "அங்கை தண்ணி எப்பிடி?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது.

நிலாவரையும் இரண்டு ஐரோப்பியரும்

புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்க்காதவர்கள் எங்களில் குறைவு. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த இடம் என்பது ஐதீகம். தேசிக்காயை இதற்குள் போட்டால் கீரிமலையில் எழும்பும் என்பது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லோருக்கும் சொல்லப்படும் கதை. உண்மையில் அது சுண்ணக்கல் கரைந்து மேற்தளம் இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளிவந்த தன் நூலில் இந்தக் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உவர், அடியில் கடுமையான உப்பு என்று அதில் குறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் இது ஒரு புதினம். உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் ஒரே கிணத்துக்குள் கலக்காமல் இருப்பதற்குச் சரியான விளக்கம் அப்போது இல்லை.

விளக்கம் வந்தது இங்கே ஐரோப்பாவிலிருந்து. 1889 அளவில் பாடொன் கைபன் என்ற ஒல்லாந்துப் படை அதிகாரி, அம்ஸ்ரடாமுக்குப் பக்கத்தில் கிணறு துளைக்கும் வேலை தொடர்பாக ஓர் அறிக்கை எழுதினார். 1901 இல் ஹேர்ஸ்பேர்க் என்ற யேர்மன் பொறியியலாளர், வடகடலில் உள்ள நோர்டனை என்ற சின்னத் தீவின் குடிநீர்க் கிணறுகளைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது என்கிறார்கள். இன்று உலகம் முழுவதும் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்தே அந்த விதியைச் சொல்கிறார்கள்.

விதி மிகச் சுலபமானது. கடல்நீர் நல்லநீரை விடச் சற்றுப் பாரமானது. நல்லநீர் 1,000 கிலோ நிறுக்கும் இடத்தில் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ நிற்கும். ஆகவே கடல் சூழ்ந்த நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்கினால், கீழே இருக்கும் உப்புநீருக்கு மேலே அது மிதக்கும். சோற்றுப் பானையில் எண்ணெய் மிதப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கோ, ஆனால் எல்லை அவ்வளவு வெட்டாக இராது, நடுவில் ஓர் உவர்ப் படை இருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே கிணத்துத் தண்ணி 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நல்லநீர் இருக்கும். அள்ளி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி மேலே ஏறிவரும்.

இந்த ஒரு கணக்குத்தான் யாழ்ப்பாணத்தின் முழுக் கதையும். கிணறு வற்றினால் கண்ணுக்குத் தெரியும். உப்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். நாக்குக்குத் தெரியும்போது பிந்திவிடும். "கிணத்திலை தண்ணி கிடக்குத்தானே" என்று எட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் மண்ணில் ஒரு கணக்கே அல்ல.

துலாவின் காலம்

பழைய முறையில் ஒரு வரம்பு தானாகவே இருந்தது. பூவரசிலோ வேறு மரத்திலோ ஆடுகால் நிறுத்தி, அதிலே துலாவைக் கோத்து, ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிவிட வேண்டும். விடியற்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்போது ஆள் களைத்துவிடும். எத்தனை ஆசை இருந்தாலும் மனுசனின் காலும் கையும் விடுகிற அளவுக்குத்தான் தண்ணி வெளியே வரும். அவர்கள் இறைத்துவிட்டுப் போக, இரவு முழுக்க ஊற்று ஊறிக் கிணறு பழைய மட்டத்துக்கு வந்துவிடும்.

அதைவிட, கிணறு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. எங்களில் பலர் அகதியாக வெளிக்கிட்டபோது காணி உறுதிக் கட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தோம். எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி என்று எழுதிய பிறகு, கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் பங்கு என்று ஒரு வரி இருக்கும். எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்றெல்லாம் இருக்கும். அந்தப் பங்கின்படி இறைப்பு முறை வரும். இன்று உன் முறை, நாளைக்கு என் முறை. இதனால் வந்த வழக்குகளும் வேலிச் சண்டைகளும் கொஞ்சநஞ்சமல்ல, அண்ணன் தம்பி பேசாமல் இருந்த குடும்பங்களும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. துலா மிதித்தவர்களின் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அதோடு, யாருக்குக் கிணத்தில் அள்ள உரிமை இருந்தது, யார் அள்ளித்தரும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டி இருந்தது என்பதையும் மறைக்க ஏலாது. சாதி பார்த்த கிணறுகள் அவை. ஆனால் கிணத்திலே உள்ளது அளவான பண்டம், பங்கு போட்டே எடுக்கவேண்டும் என்ற அறிவு அந்த உறுதிகளில் எழுத்தாகவே இருந்தது.

குளங்களையும் இதோடு சேர்க்கவேண்டும். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் இருந்தன. மாடு குளிப்பாட்டவும் வயலுக்குப் பாய்ச்சவும் மட்டும் அவை உதவவில்லை. மழைவெள்ளத்தைத் தேக்கி மெதுவாக நிலத்துக்குள் இறக்கின. பக்கத்துக் கிணறுகள் நன்றாய் இருந்ததற்கு அதுவும் காரணம்.

மெசின் வந்தது

1950களில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின்கள் பரவலாக வரத் தொடங்கின. பின்னர் மின்சாரம் போன இடங்களுக்கு மோட்டர். மூன்று பேர் அரைநாள் செய்த வேலையை ஒரு பொடியன் மெசினைச் சுழற்றிவிட்டுச் சற்று நேரத்தில் முடித்தான். சனம் சந்தோசப்பட்டது நியாயம். கலட்டியை வெடி வைத்து உடைத்துக் கிணறு வெட்டி, செம்மண் ஏற்றி, கல்லைத் தோட்டமாக்கிய உழைப்பாளிகள் அவர்கள்.

அதே காலத்தில் சனமும் பெருகியது. 1871 இல் மாவட்டத்தின் குடிசனம் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1946 இல் நாலேகால் இலட்சம் அளவு. 1971 இல் ஏழு இலட்சம். இவற்றில் அப்போது மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிளிநொச்சிப் பகுதியும் அடக்கம், ஆனாலும் பெரும்பங்கு குடாநாட்டில்தான். பிறகு 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. கல்வீடு எழும்பியது, மகளுக்குச் சீதனம் சேர்ந்தது, மகன் பல்கலைக்கழகம் போனான். வெங்காயக் காசில் படித்தவர்கள் இந்த மலரை வாசிக்கிறவர்களிலும் இருப்பார்கள். எனக்கு அந்தக் காலத்தைக் குறைசொல்ல மனமில்லை. ஆனாலும் கணக்கு என்று வரும்போது, வெளியே போன ஒவ்வொரு வெங்காய மூட்டையும் கிணத்துத் தண்ணியில் விளைந்தது.

இங்கே வாசகர்கள் ஒரு சின்னக் கணக்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதில் வருசம் விழும் மழை 1,250 மில்லிமீற்றர் என்றால், மொத்தம் மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல். பார்க்கப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு பங்கு வெயிலில் ஆவியாகும், ஒரு பங்கு மரமும் பயிரும் குடிக்கும், ஒரு பங்கு வெள்ளமாய்க் கடலுக்கு ஓடும். மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கியது என்று தாராளமாகவே வைத்தாலும் ஓர் இலட்சம் லீற்றர்தான். இப்போது அதே ஒரு பரப்பில் வெங்காயம் நடுகிறோம். எழுபது நாள் பயிர். மூன்று நாலு நாளுக்கொருக்கால், மொத்தம் இருபது இறைப்பு, ஒவ்வொரு முறையும் நிலத்தில் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணி விட்டோம் என்று வையுங்கோ. அதுவும் ஓர் இலட்சம் லீற்றர். ஒரு போகத்தோடு அந்தக் காணியின் பங்கு முடிந்தது. அதே வருசம் மிளகாயும் போட்டால், புகையிலையும் போட்டால், அது பக்கத்து வளவின் தண்ணி, குடிதண்ணி. தோட்டத்தில் விட்டதில் கொஞ்சம் திரும்ப நிலத்துக்குள் போகும், அது உண்மை. ஆனால் தனியே போகாது, என்னத்தைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது கையளவுக் கணக்கு. உண்மையான ஆய்வாளனுக்கு வேலை இதைவிடக் கடினம். மழை அளக்கலாம். ஆனால் எத்தனை பங்கு இறங்கியது, இறங்கியதில் எத்தனை பங்கு கல்வெடிப்பு வழியாகக் கடலுக்குப் போய்விட்டது என்பதை அறிய, ஊர் ஊராகக் கிணறுகளின் மட்டத்தை மாதாமாதம் அளக்கவேண்டும், உப்பைச் சோதிக்கவேண்டும், பல வருசம் விடாமல் செய்யவேண்டும். கீரிமலையில் நாங்கள் நீந்திய கேணிக்குள் வந்து கடலோடு சேர்கிற அந்த நல்லதண்ணி, உண்மையில் வலிகாமத்து நிலத்தடி நீர் கடலுக்குப் போகும் ஒரு வாசல். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் கரையோரம் முழுக்க உண்டு. மாரியில் சேர்வதில் பெரும்பகுதி, நாங்கள் ஒரு வாளி அள்ளாவிட்டாலும், கோடை முடிவதற்குள் இப்படிப் போய்விடும்.

அளந்தவர்கள்

இலங்கையில் நீர்வளச் சபை 1964 இல் சட்டமூலம் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நீரைப்பற்றி அது கொண்டுவந்த முக்கியமான வெளியீடு 1968 இல் வந்த 'யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர்' என்ற ஆய்வு. எழுதியவர்கள் மூவர்: பாலேந்திரன், சிறிமான, ஆறுமுகம். பின்னர் வந்த ஆய்வாளர் யாராய் இருந்தாலும் இந்த அறிக்கையைத் தொடாமல் எழுதுவதில்லை. சிங்களவரும் தமிழருமாக ஒன்றாய் இருந்து எங்கள் கிணறுகளைக் கணக்கெடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இவர்களில் சண்முகம் ஆறுமுகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த பொறியியலாளர். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை 1954 இல் முன்வைத்தவர் அவரே. யோசனை அவருக்கு முன்னும் பலரிடம் இருந்தது, ஒழுங்கான திட்டமாக்கியவர் அவர். கனகராயன் ஆற்று வெள்ளம் ஆனையிறவுக் கடலேரியில் விழுகிறது. அந்தக் கடலேரிக்குக் கடல்நீர் வரும் வழிகளை அடைத்தால் சில வருசத்தில் அது நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியான் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடலேரிக்கும், அதிலிருந்து உப்பாற்றுக்கும் தண்ணி கொண்டுபோகலாம். நடுவில் நன்னீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளில் உப்புப் பின்வாங்கும். கடலுக்கு வீணாகப் போகும் தண்ணீரைக் கிணறுகளுக்குக் காவலாக நிறுத்துவதுதான் இதன் உயிர்.

தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் 1950களில் வந்தன. முள்ளியான் வாய்க்கால் தொடங்கி முடியாமல் நின்றது. சுண்டிக்குளம் பக்கத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. பிறகு பணம் இல்லை, அரசியல் விருப்பம் இல்லை, பிறகு யுத்தம். தடுப்பணைகளின் கதவுகளும் துருப்பிடித்துப் போயின. ஒவ்வொரு தேர்தலிலும் இந்த ஆறு மேடையில் ஓடும், நிலத்தில் ஓடியதில்லை.

அளந்தவர்கள் உப்பை மட்டும் காணவில்லை. 1980களின் தொடக்கத்தில் மகேஸ்வரன், மகாலிங்கம் ஆகிய இருவரும் குடாநாட்டுக் கிணறுகளிலும் மண்ணிலும் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறதென்று சோதித்து எழுதினார்கள். அதன் பின் வந்த ஆய்வுகளும் ஒரே திசையில் காட்டின. தோட்டம் நெருக்கமாக உள்ள இடங்களில் பல கிணறுகளில் அளவு கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு விடும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காரணம் யூரியாவும் மாட்டெருவும் மலசலக் குழியும். செம்மண் மெல்லிய படை, அதற்குக் கீழே வெடித்த கல், வடிகட்ட ஒன்றுமில்லை. மேலே போட்டது கீழே போகும். தோட்டத்திலிருந்து திரும்பிப் போகும் தண்ணி தனியே போகாது என்று மேலே சொன்னது இதைத்தான். இரண்டு பரப்பு வளவுக்குள் முன்பக்கம் கிணறு, பின்பக்கம் கக்கூஸ் குழி என்று பட்டணத்தில் கட்டியவர்களுக்கும் இது பொருந்தும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணியில் நைத்திரேற்று கூடினால் பிள்ளை நீலம் பாரித்துப் போகும் ஆபத்து உண்டு. கொதிக்கவைத்தால் போகாது. கிருமிதான் கொதியில் சாகும்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் விடக்கூடாது. 1950 இல் தொடங்கி 1990 வரை ஓடியது. எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால் சீமெந்து ஆனது எங்கள் தண்ணீரைத் தாங்கும் அதே சுண்ணக்கல்தான். கடலுக்குக் கிட்ட அகலமாயும் ஆழமாயும் தோண்டிய கிடங்குகள் இன்றும் கிடக்கின்றன.

யுத்த காலம்

1990 இற்குப் பிறகு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் தங்கவிலை. யூரியா தடைப்பட்டியலில். மெசின்கள் மூலையில் கிடந்தன, கழற்றி எறிந்த துலாக்களைச் சிலர் திரும்பத் தேடினார்கள். "தடையாலை கிணறுகளுக்கு ஓய்வு கிடைச்சது" என்று பின்னாளில் சிலர் எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. கிணறு ஓய்வெடுத்தபோது தோட்டக்காரனின் அடுப்பும் ஓய்வெடுத்தது.

1995 ஒக்ரோபர் 30 ஐ யாரும் மறக்கப்போவதில்லை. வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குள் இறங்கியது. சாவகச்சேரி, கொடிகாமம், மீசாலை வளவுகளில் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் மரத்துக்குக் கீழேயும் சனம். தென்மராட்சி மணற்பாங்கான மண், நல்லநீர்ப் படை மெல்லியது. ஒரு குடும்பத்துக்கு வெட்டிய கிணத்தைச் சுற்றி ஐம்பது, நூறு பேர் வாளியோடு நின்றார்கள். வீட்டுக்காரர் மறுக்கவில்லை, மறுத்திருந்தால் எத்தனை பேர் இன்று இல்லை. ஒரு பிரதேசத்தின் நீர்வளம் எத்தனை பேரைத் தாங்கும் என்று அறிக்கைகளில் எழுதுவதை அன்று சனம் வாளியால் அளந்து பார்த்தது. மாரி தொடங்குகிற மாதமாய் இருந்தது ஒரு புண்ணியம்.

திரும்பி வந்தபின்

2009 இல் யுத்தம் முடிந்தது. உயர்பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. 2012 கணக்கெடுப்பில் யாழ். மாவட்டத்தில் ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர்தான் இருந்தார்கள், 1981 இல் இருந்ததை விடக் குறைவு. ஆனால் தண்ணிப் பாவனை குறைவு என்று நினைக்கவேண்டாம். அன்று வாளியால் குளித்த வீட்டில் இன்று மேலே தண்ணித் தாங்கி, உள்ளே மூன்று குளியலறை. விருந்தினர் விடுதிகள், கலியாண மண்டபங்கள். காசு எங்கிருந்து போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சுன்னாகத்தில் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மின் உற்பத்தி நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் வீதிக்கு வந்தது, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. 2019 இல் மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வலிகாமத்தின் மிக வளமான நீர்ப்படையின் நடுப்பகுதி சுன்னாகம். கல்லுக்குள் பொந்தும் வெடிப்புமாய் இருக்கிறபோது ஓரிடத்தில் ஊற்றியது அந்த இடத்தோடு நிற்காது.

குடாநாட்டுக்குக் குழாய்வழிக் குடிநீர் கொடுக்கும் பெரிய திட்டம் 2010 அளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஆரம்பித்தது. முதலில் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணி எடுப்பதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். "எங்கடை வயலுக்கே காணாத குளத்திலை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கிறதோ?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சிலர் கோபப்பட்டார்கள். நான் வன்னிக்காரர் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்ததென்று நினைக்கிறேன். மழை பொய்த்த வருசங்களில் அந்தக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டினார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர். 2024 ஓகஸ்ட் 2 இல் திறந்துவைத்தார்கள்.

இதனால் குடிக்கவும் சமைக்கவும் தண்ணி வரும், நல்லது. ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறைய வேண்டும், விலை உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அந்தத் தண்ணி கட்டாது. தோட்டம் கிணத்தை நம்பித்தான் இருக்கிறது, தோட்டக்காரனும் அப்படியே.

கடல் கரையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க அதிக தூரம் போகத் தேவையில்லை. அம்ஸ்ரடாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணல்மேடுகளுக்குக் கீழே இருந்த நல்லநீரைக் குழாயில் எடுத்தது. நகரம் வளர, எடுப்பது கூட, கீழிருந்து உப்பு ஏறியது. பாடொன் கைபன் சொன்னது அவருடைய நாட்டிலேயே நடந்தது. அவர்கள் கிணத்தை இன்னும் ஆழமாக்கிக் கொண்டு போகவில்லை. 1957 தொடக்கம் றைன் ஆற்று நீரைச் சுத்தம் செய்து அந்த மணலுக்குள் விட்டார்கள், விட்டதையே திரும்ப எடுக்கிறார்கள். எங்களுக்கு றைன் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழை இருக்கிறது.

ஊரில் வீடு கட்டுகிறவர்களும் ஊர்ச்சங்கங்களில் காசு சேர்க்கிறவர்களும் சில விசயங்களைக் கேட்டு அறிந்து செய்யலாம். குழாய்க்கிணறு அடிக்க முன், பக்கத்துத் திறந்த கிணறுகளில் கோடை முடிவில் தண்ணி எந்த மட்டத்தில் நிற்கிறது, உப்பு எவ்வளவு என்று சோதிப்பியுங்கோ. ஆழமாய் அடித்தால் நல்லதண்ணி வரும் என்பது வேறு ஊர்களின் நியாயம். குடாநாட்டில் ஆழமாய்ப் போனால் உப்பைத்தான் சந்திப்போம். அதுவும் ஒரே இடத்தில் மோட்டர் போட்டு இழுத்தால் அந்த இடத்துக்குக் கீழே உப்பு கூம்புபோல எழும்பிவரும். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டால் அந்த வளவில் விழும் மழை றோட்டு வாய்க்காலால் கடலுக்குப் போகும். ஒரு பகுதியையாவது மண்ணாக விடலாம், கூரைத் தண்ணியைத் தாங்கியில் பிடிக்கலாம் அல்லது கல்லும் மணலும் போட்ட குழிக்குள் இறக்கலாம். மலசலக் குழிக்கு அடியில் சீமெந்து போட்டு, கிணத்திலிருந்து எட்டுமானவரை தள்ளி வையுங்கோ. கோயில் கோபுரத்துக்குப் பணம் சேர்க்கும் சங்கங்கள் அந்தக் கோயில் கேணிக்கும் குளத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். தூர்ந்துபோன குளங்களையும் மூடிக் கட்டிய வாய்க்கால்களையும் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். இனி ஊருக்குப் போகும்போது அவர்களோடு ஒரு நாள் நடந்து, எது எங்கே இருந்தது, எந்த வளவில் நல்லதண்ணி, எது எந்த வருசம் சவராய்ப் போனது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கோ. நீர்வளச் சபையின் படங்களில் அந்த விபரம் கிடையாது, அவர்களும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.